வரவில்லை என்று நான் எழுதிய மனிதர்

சென்ற மாதம் ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். நான் படித்த விவசாயக் கல்லூரியில் எனக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் படித்தவர். கனடாவில் வேலைக்கு முயன்றுகொண்டிருக்கிறார். பழைய மாணவர்கள் நடத்தும் இதழுக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்.

"சார், இப்ப எங்க டிகிரிய அங்க மதிப்பிடறதுக்கே மாசக்கணக்குல ஆவுது. உங்க காலத்துல நம்ம ஊர்ப் பட்டத்த ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கம்மா. கிளம்பறதுக்கு முன்னாலதான் இங்க ஒண்ணு நடந்துபோச்சு."

"அப்ப அதையும் சேத்து எழுதிடுங்க சார்."

அவர் கேட்டது நடைமுறை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டு விவசாயம் படித்துப் பட்டம் பெற்றதும், தேர்வாணையத் தேர்வு எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்தேன். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. அன்று யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பயிற்சியில் நில அளவைச் சங்கிலி இழுத்தேன். சாகுபடிக் கணக்கைப் படிக்கக் கற்றேன். கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். சில ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு தாலுகாவில் தனி வட்டாட்சியர் ஆனேன்.

ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பைக் குறைத்திருந்தார்கள். குத்தகைக்கு உழுபவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலக்காரர் அவரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த சாகுபடிப் பருவத்திலேயே வெளியேற்றலாம். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் பதிவேட்டுக்கு முன்னால் சண்டை நடந்தது. வரப்புகளில் சிவப்புக் கொடிகள் நின்றன. அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். லாரிக்குப் பின்னால் போலீஸ் வேன் வந்தது. யார் உழுகிறார் என்று விசாரித்து முடிவு எழுதுவது என் வேலை.

அந்த வேலையில் இருந்தபோதுதான் ஆங்கில நாளிதழில் விளம்பரம் பார்த்தேன். ஜாம்பியா அரசு தன் நெல் சாகுபடித் திட்டங்களுக்கு விவசாயப் பட்டதாரிகளைத் தேடியது. சென்னையில் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேசையில் நான்கு நெற்கதிர்களை வைத்து, இவை என்னென்ன ரகம் என்று கேட்டார். நான்கையும் சொன்னேன். கதிர் இல்லாமல் வெறும் பயிராக நின்றால் சொல்ல முடியுமா என்றார். தூரத்திலிருந்தே நிறத்தை வைத்துச் சொல்வேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது.

அதன் பிறகுதான் பட்டத்தின் பாடு. அவர்கள் கணக்கில் நான் 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டதாரி'. அந்தச் சொல்லை என் பெயருக்கு மேல் முதலில் பார்த்தபோது, வேறு யாருடைய கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஆண்டும் என்னென்ன பாடம் படித்தேன், ஒவ்வொரு பாடத்திலும் வயலில் எத்தனை மணி நேரம் நின்றேன் என்று கல்லூரி எழுதித்தர வேண்டும். கல்லூரி எழுத்தர் அப்படி ஒரு கணக்கே கிடையாது என்றார். பழைய கால அட்டவணைகளை நானே தேடி எடுத்து, அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வைத்தேன். அதற்குப் பதிவாளர் முத்திரை, தலைமைச் செயலகச் சான்று, பிறகு டில்லியில் ஒரு சான்று. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு மஞ்சள் நிறச் சிறு புத்தகம் வாங்கினேன். முதல் ஆண்டு ஒரு படி கீழான பதவியில் இருக்க வேண்டும், அதன் பிறகே பட்டத்துக்கு உரிய பதவி என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன்.

கடைசியாக மிச்சமிருந்தது என் துறையின் விடுவிப்பு ஆணை. அதற்கு ஒரே நிபந்தனை, என் மேசையில் ஒரு கோப்பும் நிலுவையில் இருக்கக் கூடாது.

நிலுவை இல்லை என்ற சான்றைத் தர வேண்டியவர் துணை ஆட்சியர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டே பாக்கி இருந்த மெலிந்த மனிதர். கோப்புகளை நின்றுகொண்டேதான் படிப்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோப்பில் குறை கண்டால் குறிப்பு எழுத மாட்டார். அந்தப் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துத் திருப்பி அனுப்புவார். மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நாமே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். பலருக்கு அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும். வேலை உறுதியானதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"வாய்யா, ஆப்பிரிக்கா. எத்தன பாக்கி?"

"நாப்பத்தொண்ணு சார்."

"ஏரோப்ளேன் எப்ப?"

"ஜனவரி கடைசியில சார். பிப்ரவரி மொதத் தேதி அங்க சேரணும். இல்லைன்னா ஆர்டர் ரத்து."

"அப்ப நாப்பத்தொண்ணும் அதுக்குள்ள முடியணும். முடிக்கணும்னு நான் சொல்லல. முடியணும்."

மார்கழி முழுவதும் கிராமம் கிராமமாகப் போனேன். பெரும்பாலானவை எளிய கோப்புகள். இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும், பெயர் ஏறும். அல்லது விண்ணப்பித்தவரே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். ஏன் திரும்பப் பெறுகிறார் என்று நான் கேட்கவில்லை.

பக்கிரிசாமியின் கோப்பு அப்படிப்பட்டதில்லை.

அவர் நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு உழுதார். அவருடைய அப்பாவும் அதே நிலத்தை உழுதவர். நிலக்காரர் ஊரின் பெரிய மிராசுதார். அளந்த குத்தகை நெல்லுக்கு ஒரு நாளும் ரசீது கொடுத்ததில்லை. கர்ணம் எழுதும் சாகுபடிக் கணக்கில் அந்த நிலத்துக்கு நேரே 'சொந்தச் சாகுபடி' என்று மிராசுதார் பெயர் இருந்தது. பக்கிரிசாமியிடம் காகிதம் ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே போனேன்.

"என்னப்பா, சாட்சி யாரு இருக்கா?"

"வரப்புக்காரங்க நாலு பேரு இருக்காங்க ஐயா. ஆனா மிராசுதாருக்கு எதிர வந்து நின்னு பேச மாட்டாங்க. பயிரு பேசும்யா."

"பயிர் என்ன பேசும்?"

"சுத்திப் பண்ணை நெலம் பூரா கவர்மெண்டு குடுத்த புது நெல்லுதான் நட்டுருக்காங்க. நான் பழைய சம்பா போட்டுருக்கேன். ஆறு மாசப் பயிரு. மாட்டுக்கு நெட்டு வைக்கலு வேணும்யா, கூரைக்கும் வேணும். அது என் வெதை. எங்கப்பா காலத்து வெதை. பண்ணையில அந்த வெதை ஒரு மரக்கா கூடக் கெடையாது. நீங்க படிச்சவங்க. வந்து ஒரு பார்வை பாத்தீங்கன்னா யாரு நட்ட நெல்லுன்னு தெரிஞ்சுபோவும்."

என் அனுபவத்தில் அதைவிட நல்ல ஆதாரத்தை யாரும் சொன்னதில்லை. நான் விவசாயப் பட்டதாரி என்பதை அவர் எங்கோ கேட்டறிந்து வந்திருந்தார். எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"சரி. விசாரணை அன்னிக்கு வயலுக்கே வந்து பார்க்கிறேன். நீ அங்கேயே இரு" என்றேன்.

"அங்கயே நிக்கிறேன்யா."

விசாரணை தை மாதம் ஏழாவது நாள், முற்பகல் பதினொரு மணிக்கு. அது நாற்பத்தோராவது கோப்பு. அன்று மாலைக்குள் சான்று வாங்கி, மறுநாள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

கிராமச் சாவடியில் கூரை சரிந்திருப்பதாகச் சொல்லி, கர்ணம் என்னை மிராசுதார் வீட்டுக்கு அழைத்துப் போனார். கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் பக்கிரிசாமியின் சாதிக்காரர்கள் வாசல்படி ஏறும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தேன்.

"வயலைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டேன்.

மிராசுதார் சிரித்த முகம் மாறாமல் பேசினார். "தாராளமாப் போங்க. வழியில நாலு கொடி நிக்கும், கோஷம் போடுவான், நாளைக்குப் பேப்பர்ல உங்க பேரு வரும். வெளிநாடு போற பிள்ளை, உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? இலை போடச் சொல்லியாச்சு."

அவர் எனக்கு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. அவர் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

வயல் அந்த வீட்டின் கொல்லைப் பக்கம் இருந்தது. கூடத்தின் பின்சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பண்ணை நிலம் முழுதும் பழுத்து, அறுவடைக்குச் சாய்ந்து, ஒரே மஞ்சளாகக் கிடந்தது. நடுவில் ஒன்பது மா மட்டும் பச்சை. உயரமான பயிர், கதிர் அப்போதுதான் முற்றத் தொடங்கியிருக்க வேண்டும். வரப்பில் ஒருவர் தலைத்துண்டோடு நின்றார். பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தார். கொடியும் இல்லை, கூட்டமும் இல்லை.

விதியின்படி விண்ணப்பதாரரை மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். தலையாரி தெரு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மாரி மகன் பக்கிரிசாமி... மாரி மகன் பக்கிரிசாமி..."

மூன்றாவது தடவை கூப்பிடாமல் உள்ளே வந்தார். "ஐயா, அவன் கொல்லப்பக்கம் வயல்லதான் நிக்கிறான். ஓடிப் போயி கூட்டியாந்துரட்டுமா?"

கர்ணம் நிமிராமலே சொன்னார். "கூப்புடச் சொன்னா கூப்புடு. பஞ்சாயத்து பண்ணச் சொன்னாங்களா ஒன்ன?"

தலையாரி என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்தேன். அவர் திரும்பவும் வாசலுக்குப் போய் மூன்றாவது முறை கூப்பிட்டார். தெருவில் யாரும் இல்லை.

'விண்ணப்பதாரர் மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை. சாகுபடி செய்ததற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு சாப்பிட்டேன்.

மாலை மூன்று மணிக்குத் துணை ஆட்சியர் அலுவலகத்தில் கோப்புகளை வைத்தேன். நின்றபடியே புரட்டினார். நாற்பதை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் என்னிடம் தள்ளினார். கடைசிப் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வயலைப் பார்வையிட்ட குறிப்பு அதில் இல்லை.

மணி மூன்றரை. ஜீப் வெளியே நின்றது. திரும்பிப் போய் வயலைப் பார்த்துவிட்டு வர இரண்டு மணி நேரம் ஆகும். பார்த்துவிட்டால் முடிவை மாற்றி எழுத வேண்டியிருக்கும்; மாற்றினால் மிராசுதாருக்கு மறு அறிவிப்பு, மறு விசாரணை, குறைந்தது மூன்று வாரம். இந்தக் கணக்கை நான் நிதானமாகவே போட்டேன். பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது உண்மையில்லை.

பக்கத்து அறையில் ஒரு தாளில் எழுதினேன். 'வயலைப் பார்வையிட்டேன். பண்ணை நிலம் முழுவதிலும் ஒரே ரகப் பயிர் ஒரே பருவத்தில் உள்ளது. தனிச் சாகுபடிக்கான அடையாளம் இல்லை.' கையெழுத்துக்குக் கீழே, வழக்கத்துக்கு மாறாக, என் விவசாயப் பட்டத்தையும் எழுதினேன். மடிந்த மூலையை நிமிர்த்தி, மைத்தாங்கியின் அடியில் வைத்து அழுத்தி, கோப்பைத் திரும்பக் கொண்டுபோனேன்.

"பாத்துட்டீராய்யா?"

"பாத்துட்டேன் சார்."

"சரி. பயிர் விஷயத்துல உமக்குத் தெரியாததா?" என்று சொல்லி நிலுவை இல்லை என்ற சான்றில் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை வந்து கைகுலுக்கினார். "அங்க போயி நம்ம பட்டத்தோட மானத்தக் காப்பாத்துய்யா."

ஜாம்பியாவின் வடபகுதியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வாழ்க்கையைப் பற்றி இந்த இதழில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதே மழை, அதே மக்காச்சோளக் களி, அதே கடிதத் தாமதம்தான். அங்கே எனக்கு மேலே இருந்த முலெங்கா என்பவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த சில வாரங்களில், பாசனத் திட்டத்தில் ஒரு பாத்தி யாருடையது என்று ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் தகராறு வந்தது. இருவரையும் அலுவலகத்துக்கு வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். முலெங்கா தொப்பியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பாத்தியருகே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அந்த ஆண் வந்து, ஒரு முழங்காலை மடித்து, கையைக் குவித்து மெல்லத் தட்டி வணங்கினார். பெண் வரவில்லை. வெயில் ஏறி இறங்கும்வரை, ஏறக்குறைய நான்கு மணி நேரம், முலெங்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். வராதவர் என்று நான் எழுதியதை அவர் வாங்கி அடித்துவிட்டு, 'நாங்கள் கிளம்பும்வரை அவர் வந்து சேரவில்லை' என்று எழுதினார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை, இதில் கிளம்பியது நாம் என்று தெரிகிறது என்றார். மறுநாள் மீண்டும் போனோம். அந்தப் பெண் பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். பாத்தி அவருடையதுதான்.

அந்த வாரம் முழுவதும் பக்கிரிசாமியின் வரப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஊருக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. ஓராண்டு முடிந்ததும் பட்டத்துக்கு உரிய பதவியைக் கொடுத்தார்கள். பதவி உயர்வுக்கான படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் குத்தகை விசாரணைகளை எழுதியிருந்தேன்.

ஆறாம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது பக்கிரிசாமியைத் தேடிப் போனேன். அவர் நிலத்தில் இல்லை. தள்ளுபடியான ஐந்தாம் நாள் பண்ணை ஆட்கள் இறங்கி, முற்றாத சம்பாவை மாட்டுத் தீவனமாக அறுத்திருக்கிறார்கள். தடுக்கப் போனவர் மேல் வழக்கு. மேல்முறையீடு செய்து பார்த்தார். ஆஜராகவில்லை என்ற வரியையும், பட்டதாரி அதிகாரி வயலைப் பார்த்து எழுதிய குறிப்பையும் காட்டி அதையும் தள்ளிவிட்டார்கள்.

நீடாமங்கலத்தில் ஓர் அரிசி ஆலையின் களத்தில் அவரைக் கண்டேன். அவித்த நெல்லைக் காலால் வரிவரியாகச் சால் பிடித்துக் காயவிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலை எதிர்ப்பக்கம் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். பக்கிரிசாமி நெல்லிலிருந்து வெளியே வந்து நின்றார்.

அஞ்சலைதான் முதலில் பேசினார். "இவருதானா அவரு? ஏங்க, அன்னைக்கு ஒங்களுக்குன்னு எளநி வெட்டி, கண்ணு தொறக்காம வரப்புல வச்சிக்கிட்டு நின்னாரு இந்த மனுசன். தாகமா இருக்கு, நான் குடிச்சிக்கட்டுமான்னேன். 'ஆபீசரு வருவாரு, வைடி'ன்னு அடிக்க வந்துட்டாரு. பொழுது சாஞ்சு மாட்டுக்கு ஊத்துனோம்."

"சும்மா இரு" என்றார் பக்கிரிசாமி.

நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜன்னலில் நின்று பார்த்ததையும், எழுதிய குறிப்பையும். அவர் முகத்தில் வியப்பு எதுவும் தெரியவில்லை.

"ஜன்னல்ல வெள்ளச் சட்ட தெரிஞ்சுதுங்க. பாத்துட்டாரு, இனிமே எறங்கி வந்துருவாருன்னு இவகிட்ட சொன்னேன்."

மறு விசாரணை கோரி மனு போடலாம், நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"அந்த நெலம் மிராசுதார்கிட்ட இல்லீங்களே. உச்சவரம்புல எடுத்துட்டாங்க. நெலம் இல்லாதவங்களுக்குன்னு குடுத்ததுல எங்க தெரு ராமையனுக்கு விழுந்துருக்கு. நாலு புள்ளைக்காரன். இப்ப நீங்க சாட்சி சொல்லி, அவனக் கெளப்பிட்டு என்னைய உக்கார வப்பீங்களா?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க. நான் வரலைன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அத மாத்தி எழுதிக் குடுங்க. மேல்கோர்ட்டுலயும் அதத்தான் படிச்சாங்க, எங்க ஆளுங்ககூட 'நீ ஏன்டா போவல'ன்னு கேக்குறான். நான் வந்துருந்தேன்."

"யார்கிட்ட கொடுக்கிறது?"

"யார்கிட்டயும் வேணாம். எங்கையில குடுங்க."

அந்தக் களத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். பையில் பேனாவும் இருந்தது. ஆனால் நான் அப்போதும் தமிழ்நாட்டு அரசின் ஊழியன், அயல் பணியில் இருப்பவன். பொய்க் குறிப்பு எழுதினேன் என்று கையெழுத்திட்ட தாள் வெளியே போனால் இங்கும் வேலை போகும், அங்கும் போகும். சரியாக எழுதித் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அஞ்சலை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கிரிசாமி, "சரிங்க" என்று சொல்லிவிட்டு நெல்லுக்குள் இறங்கினார்.

அனுப்பவில்லை. ஜாம்பியாவுக்குத் திரும்பினேன். மூன்று ஆண்டு கழித்து ஊருக்கே வந்துவிட்டேன். வருவாய்த் துறையில் மீண்டும் சேர்ந்து, துணை ஆட்சியராகி, முழு ஓய்வூதியத்தோடு ஓய்வு பெற்றேன். இந்த ஆண்டுகளில் எழுத உட்கார்ந்து கிழித்த தாள்கள் சில உண்டு. அவற்றைச் சொல்லி எனக்கு எதுவும் தேடிக்கொள்ள முடியாது. பக்கிரிசாமி இறந்துவிட்டார் என்று அறிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோப்பு இப்போது எங்கும் இல்லை. பழைய கோப்புகளோடு அதையும் எரித்துவிட்டார்கள். அஞ்சலை நீடாமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இதழ் வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மகள் ஆசிரியை, அம்மாவுக்குப் படித்துச் சொல்வார்.

கனடா போகும் பெண் நடைமுறையைக் கேட்டிருந்தார். அது மேலே இருக்கிறது. கீழே இருப்பது அவருக்கானதல்ல.

தை மாதம் ஏழாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு, மாரி மகன் பக்கிரிசாமி, தான் உழுத ஒன்பது மா நிலத்தின் வரப்பில், நான் சொன்ன இடத்தில் ஆஜராக இருந்தார். பொழுது சாயும்வரை இருந்தார். நிலத்தில் அவருடைய சம்பா நின்றது. நான் போகவில்லை.